மைனஸ் ஒன்று புள்ளி நான்கு

எட்டு இருபத்திரண்டு. இரண்டு குப்பிகளையும் ஒரே கையில் பிடித்து, பதினைந்து எண்ணும்வரை குலுக்கி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முப்பது நிமிடம் என்கிறது புத்தகம். வலது பக்கம் இருப்பது நேற்றுச் சாயங்காலம் நானே வேண்டுமென்று டீப் ஃப்ரீசரில் போட்டுக் கட்டியாக உறையவைத்த குப்பி. காலையில் ஏழு மணிக்கு வந்து வெளியே எடுத்து, தானாக இளகவிட்டேன். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். இடது பக்கம் இருப்பது சந்தேகக் குப்பி. உறைந்து கெட்ட மருந்து பொடிப்பொடியாகத் திரிந்து சீக்கிரம் அடியில் இறங்கிவிடும். நல்ல மருந்து பால் கலந்த தண்ணீர் மாதிரி நிற்கும், மெதுவாகத்தான் தெளியும். இடதும் வலதும் ஒன்றுபோல இறங்கினால் இடதும் கெட்டது. இவ்வளவுதான் சோதனை, எட்டாவது படிக்கிற பிள்ளைகூடச் செய்துவிடும். இருபத்தொரு வருடமாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருக்கிற நான் இதைச் செய்தது பயிற்சி வகுப்பில் ஒரு தடவை, இன்றைக்கு ஒரு தடவை. இன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். வெளியே குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன, இன்னும் ஊசியைக் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் ஒன்றைப் பார்த்து ஒன்று. இடது குப்பி இருந்த அதே அட்டைப் பெட்டியிலிருந்துதான் போன புதன்கிழமை பத்தொன்பது குழந்தைகளுக்குப் போட்டோம். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதக் குழந்தைகள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி உட்பட ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசி. இடது குப்பி கெட்டிருந்தால் அந்தப் பத்தொன்பது தொடைகளிலும் போனது வெறும் வலிதான். பயம் வரவேண்டும். இந்நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். வயிற்றில் ஏதாவது புரளவேண்டும், உள்ளங்கை வேர்க்கவேண்டும். ஒன்றையும் காணோம். வரவேண்டிய பஸ் வராத மாதிரி நிற்கிறேன். விரல்களில் மட்டும் ஐஸ் பேக் எடுத்துவைத்த மரமரப்பு. அது எல்லாப் புதன்கிழமையும் இருப்பதுதான்.

சுவரில் அந்தக் கருவி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை டப்பா. அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, தடுப்பூசி ஃப்ரிட்ஜின் மூடி இடுக்கு வழியாக உள்ளே போகிறது. உள்ளே இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டு டிகிரிக்கு மேலேயும் போகக்கூடாது. போனால் என் செல்லுக்குச் செய்தி வரும். இதை மாட்டி ஒன்றேகால் வருடம் ஆகிறது. மாட்டிய அன்று மாவட்டத்திலிருந்து ஆள் வந்து, இனிமேல் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பேசினார். மூடியைத் திறந்தால் ஒரு செய்தி, மூடினால் ஒரு செய்தி. கரண்டு போனால் ஒன்று, வந்தால் ஒன்று. அதற்கே சொந்தமாக ஒரு சிம் கார்டு உண்டு, அதற்கு டவர் கிடைக்காவிட்டால் அந்தத் துக்கத்தையும் என்னிடம்தான் சொல்லும். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். ஃப்ரிட்ஜ் நாலு டிகிரியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அப்படி ஐந்து தடவை. ஆறாவது தடவை டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "மேடம், அது அப்படித்தான் சத்தம் போடும். பார்த்தேன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருங்க" என்றார். அமுக்கினால் காரணம் கேட்கும். பட்டியலில் முதல் காரணம் 'மூடி திறந்திருந்தது'. கட்டைவிரலுக்கு அதுதான் பக்கம். நேற்று உட்கார்ந்து எண்ணினேன், அறுநூற்றுப் பதினொன்று செய்திகள், அறுநூற்றுப் பதினொன்றுக்கும் மூடி திறந்திருந்தது. அந்த ஃப்ரிட்ஜுக்கு மூடியே கிடையாதோ என்று மாவட்டத்தில் ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அங்கேயும் யாரோ ஒருத்தி கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் போல.

எட்டு இருபத்தேழு. வலது குப்பியில் அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. இடது குப்பியில், தெரியவில்லை, ட்யூப் லைட்டின் நிழலாக இருக்கலாம். கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது. மேசை அசைந்தால் சோதனை கெட்டுவிடும். எத்தனை நல்ல சாக்கு. சனிக்கிழமை என்ன நடந்தது என்று மறுபடியும் முதலிலிருந்து வருவோம். போன சனிக்கிழமை இல்லை, அதற்கு முந்தின சனிக்கிழமை, பதினோரு நாளுக்கு முன்னால். காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்டு இல்லை. வெயில் அன்றைக்கு ஆளை உரித்தது. ஒன்பது புள்ளி ஆறு என்று செய்தி வந்தது, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கரண்டு வந்ததும் குனிந்து, ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் இருக்கிற திருகைக் கடைசிவரை திருப்பினேன். எல்லாரும் செய்வதுதான். கடைசிவரை திருப்பினால் சீக்கிரம் குளிரும், செய்தி வருவது நிற்கும், பிறகு ஞாபகமாக நடுவில் கொண்டுவந்து வைக்கவேண்டும். செய்தி நின்றது. மூன்றரை பஸ்ஸுக்குப் போய்விட்டேன். திருகு கடைசியிலேயே இருந்தது. இந்தக் கரிசல் பூமியில் எங்களுக்கு வெயிலுக்குத்தான் பயப்படத் தெரியும். ஒவ்வொரு குப்பியின் லேபிளிலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கிறது. சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், கெட்டுவிட்டேன் என்று மருந்தே காட்டிக்கொடுத்துவிடும். குளிர் பட்டால் சதுரம் வெள்ளையாகவே இருக்கும். குளிரில் கெட்டதற்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. நானும் வெள்ளைச் சதுரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செல்லை சைலன்ட்டில் போட்டிருந்தேன். ஃப்ரிட்ஜுக்காக இல்லை, அப்பாவுக்காக. சாத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். தீயணைப்பு நிலையத்தில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர். இப்போது அவருக்கு நேற்று எது, இன்று எது என்று பிடிபடுவதில்லை, ஆனால் என் நம்பர் மட்டும் மனப்பாடம். ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவார். எடுத்ததும், "செண்பகம், அடுப்ப அணைச்சிட்டியாம்மா?" வேறு ஒரு வார்த்தை கிடையாது. "அணைச்சிட்டேன்ப்பா." வைத்துவிடுவார். பஸ்ஸில் நிற்கும்போது அணைத்திருக்கிறேன், டாக்டர் முன்னால் அணைத்திருக்கிறேன், ஒரு தடவை அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியும் கையுமாக அணைச்சிட்டேன்ப்பா என்றேன். தம்பி, செல்லைப் பிடுங்கி வைத்துவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவர் கூப்பிடட்டும், நான் எடுக்காமல் இருந்துகொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தார், ஃப்ரிட்ஜ் பதினான்கு தடவை. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். அமுக்கு, மூடி திறந்திருந்தது. அமுக்கு, மூடி திறந்திருந்தது. மைனஸ் ஒன்று புள்ளி நான்கு, ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம் என்று எழுதியிருந்ததை நேற்றுத்தான் படித்தேன். கண்ணில் அன்றைக்கே பட்டிருக்கும், எல்லாச் செய்தியும்தான் கண்ணில் படுகிறது. அப்பா வேலையில் இருந்தபோது பொய் அழைப்பு நிறைய வரும். எவனோ டயர் எரித்திருப்பான், எவளோ குப்பை கொளுத்தியிருப்பாள். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே வந்து சிரிப்பார், "ஒண்ணுமில்ல, வெறும் புகை." பொய் என்று அவர் சொன்னதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது.

திங்கட்கிழமையில்தான் சிக்கிக்கொள்கிறது. திங்கட்கிழமை காலை வந்ததும் முதல் வேலையாகப் பதிவேட்டை எடுத்தேன். ஃப்ரிட்ஜின் மேல் ஒரு பதிவேடு உண்டு, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை உள்ளே இருக்கிற தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதவேண்டும். கருவி வந்த பிறகும் பதிவேடு போகவில்லை, இரண்டும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைத் திங்கட்கிழமை நிரப்புவது வழக்கம். எல்லாம் நாலு என்று எழுதினால் சந்தேகம் வரும், ஆகவே காலையில் மூன்று புள்ளி எட்டு, மாலையில் நாலு புள்ளி ஆறு, வெயில் காலம் என்றால் ஐந்து புள்ளி ஒன்று. எனக்கு இதில் நல்ல கை. மாதக் கடைசியில் டாக்டர் இளங்கீரன் மொத்தமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது இரண்டு பேனா கொடுப்பேன், ஒரே மையாக இருக்கக்கூடாதே என்று. சின்னப் பையன், பாவம், சந்தோஷமாகப் போடுவார். அப்படி ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி நாலு என்று எழுதி முடித்துவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று பனி. அட, திருகை மறந்துவிட்டேனே என்று நினைத்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருகை நடுவில் வைத்தேன், துணியால் பனியைத் துடைத்தேன். கூடையிலிருந்து ஐந்துநோய் ஊசிப் பெட்டியை எடுத்து ஒரு குப்பியைச் சாய்த்துப் பார்த்தேன். அசைந்தது. இரண்டாவதைச் சாய்த்தேன். அசைந்தது. மூன்றாவது குப்பி. மூன்றாவது அசைந்ததா? அசைந்தது என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவதைச் சாய்த்தபோது உள்ளே ஒன்றும் நகராமல், ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று ஓடிய மாதிரி. அல்லது மூன்றாவதைச் சாய்க்கவே இல்லை, நேற்று ராத்திரி படுக்கையில் சாய்த்ததா? யாரோ சளி மருந்துக்குச் சீட்டை நீட்டினார்கள். "இந்தா வாரேன்" என்று மூடியைப் போட்டேன். மூன்றாவது குப்பி கையில் இருந்ததா, பெட்டியில் இருந்ததா? உள்ளங்கை சில்லென்று இருந்தது. ஆனால் உள்ளங்கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கிறது.

எட்டு முப்பத்தொன்று. வலது குப்பியில் மேலே பாதி தெளிந்துவிட்டது. இடது குப்பியில் மேலே கால்வாசி தெளிந்திருக்கிறது, ட்யூப் லைட் நிழல் இல்லை. கால்வாசிதானே? இடது மெதுவாக இறங்கினால் நல்லது என்றுதானே புத்தகம். கால்வாசிக்கும் பாதிக்கும் நடுவில் நான் வேலையில் இருக்கலாம், பத்தொன்பது அம்மாக்கள் நிம்மதியாக இருக்கலாம். இன்னும் இருபத்தொரு நிமிடம். மேசையோரம் ஒரு மஞ்சப் பையில் வெள்ளரிப்பிஞ்சு. நேற்று லூர்து சிஸ்டர் கொண்டுவந்து வைத்தார்கள். கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற செவிலியர் அவர்கள், ஐம்பத்தாறு வயது, அந்தப் பக்கத்து நாய்களுக்குக்கூட அவர்கள் பெயர் தெரியும். "முனீஸ்வரி குடுத்துவிட்டா. நீ பேசித்தான் அவ மாமியா ஒத்துக்கிட்டாளாம். இந்தத் தடவ பிள்ளைக்குக் காய்ச்சலே அடிக்கலையாம், ஒனக்குச் சொல்லச் சொன்னா" என்றார்கள். சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் வெள்ளரியில் ஒன்றை எடுத்துக் கழுவி, கடித்து, மென்றுகொண்டிருந்தேன். காய்ச்சல் அடிக்கவில்லை. காய்ச்சல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதற்கும் ஊசி வேலை செய்வதற்கும் சம்பந்தம் இல்லை, எனக்கே தெரியும், நூறு தாய்மார்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் கடித்த வெள்ளரியைக் கீழே வைத்துவிட்டேன். செல்லை எடுத்து ஞாயிற்றுக்கிழமைச் செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன்.

முனீஸ்வரி தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவள், இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் ஊசிக்குப் பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல். மாமியார் இனிமேல் ஊசியே கிடையாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். போன புதன்கிழமை லூர்து சிஸ்டர் எப்படியோ இரண்டு பேரையும் இங்கே வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், ஆனால் மாமியாரும் மருமகளும் வாசலோடு நின்றுகொண்டார்கள். நான் மருந்து கொடுக்கிற ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு எழுந்து போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, அது என் வேலை இல்லை. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "போட்டு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். "நான் சொல்றேன். என் பேரு செண்பகவல்லி. இங்கதான் இருப்பேன், வந்து கேளுங்க" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை, கல்யாணத்தன்றுகூட. முனீஸ்வரி என்னையே பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் படுக்கவைத்து, தொடையைத் தானே பிடித்துக்கொண்டாள். பெண்குழந்தை. காலில் கறுப்புக் கயிறு. ஊசி இறங்கியபோது சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்தது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. போட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. உள்ளே ஒன்றுமே போகாததற்கு?

"செண்பகம்." லூர்து சிஸ்டர்தான், கதவைத் தட்டாமல் தலையை மட்டும் நீட்டுகிறார்கள். "பெட்டி கட்டியாச்சா? கூட்டம் கூடிருச்சு. இருபத்தேழு வந்திருக்கு, இன்னும் ஆட்டோல ரெண்டு வருதாம். ஒம்போதுக்கு ஆரம்பிச்சாத்தான் வெயிலுக்கு முந்தி வீட்டுக்குப் போவாக."

"அஞ்சு நிமிசம் சிஸ்டர்."

"என்னது அது, குப்பிய வெளிய வச்சிருக்க?"

"சும்மா, பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பார்த்துக்கிட்டிரு. மொகத்தக் கழுவிட்டு வா, பேயறஞ்ச மாதிரி இருக்க" என்று போய்விட்டார்கள். பேய் அறைந்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது. அம்மா போன ஆடியில் இறந்தபோது சொந்தக்காரர்கள் அதைத்தான் பேசிக்கொண்டார்கள், கல்லு மாதிரி நிக்கிறா பாரு என்று. நான் நின்றுகொண்டிருக்கவில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், சாமியானாவுக்குச் சொன்னேன், சென்னையிலிருந்து பெரியம்மா வரும்வரை தாங்கவேண்டுமே என்று யோசித்தேன். ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து அம்மாவை உள்ளே படுக்கவைத்ததும் எல்லாரும் கண்ணாடி வழியாக அம்மா முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்பு எண்ணைப் பார்த்தேன். மைனஸ் இரண்டு. இது ரொம்பக் குளிர், கெட்டுப்போகும் என்று ஒரு நொடி நினைத்தேன், திருகு எங்கே இருக்கிறது என்று கை போனது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழுகை அன்றைக்கு வரவில்லை, பதினாறாம் நாளும் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா மட்டும் அன்றைக்கு ராத்திரி முதல் தடவையாகக் கேட்டார். எல்லாரும் கலைந்த பிறகு, கூடத்தில் என்னைத் தேடி வந்து, "அடுப்ப அணைச்சிட்டியாம்மா?" நாங்கள் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. அணைச்சிட்டேன்ப்பா என்றேன்.

எட்டு முப்பத்தெட்டு. இடது குப்பியில் பாதி தெளிந்துவிட்டது. வலதில் முக்கால். இடது, வலதைத் துரத்திக்கொண்டு வருகிறது. போகட்டும், கெட்டது என்றே வைத்துக்கொள்வோம், வைத்துக்கொண்டால் என்ன. இந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிடலாம். கீழ்க்கூடையில் போன வியாழக்கிழமை வந்த புதுப் பெட்டி இருக்கிறது, அது உறைந்ததில்லை, இன்றைக்கு அதில் போடலாம். பழையதைக் கைதவறி உடைந்தது என்று எழுதிவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் ஆகாது, இது விஷம் இல்லை. நோய் வந்தால்தானே. இப்போதெல்லாம் யாருக்கு வருகிறது. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டிருக்கிறது, அந்த நிழலில் இவர்களும் பிழைத்துக்கொள்வார்கள். சொன்னால் என்ன ஆகும்? எனக்கு மெமோ வரும், விசாரணை வரும், அது பரவாயில்லை. ஊர் முழுக்கச் செல்லில் செய்தி சுற்றும், கெட்ட ஊசி, கெட்ட ஊசி என்று. முனீஸ்வரி மாமியார் தெருவில் நின்று பேசுவாள், அவள் பேச்சில் நியாயமும் இருக்கும். அடுத்த புதன்கிழமை இருபத்தேழு வராது, ஏழு வரும். லூர்து சிஸ்டர் பத்து வருடமாக வீடு வீடாகத் திண்டாடிச் சேர்த்தது ஒரே வாரத்தில் போகும். ஆக, சொல்லாமல் இருப்பதுதான் ஊருக்கு நல்லது. எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள். நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி நாலு எழுதுகிற அதே கைதான் இதையும் எழுதுகிறது.

மதுரையில் படிக்கும்போது வார்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஆறு வயதுப் பிள்ளை, தொண்டை அடைப்பான். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கித் தாடையோடு ஒன்றாகியிருந்தது. வாயைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. பிள்ளையின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் ஆரஞ்சுக் கலர் பாட்டில், ஸ்ட்ரா போட்டது. அது கேட்டதாம், வாங்கி வந்திருக்கிறார். விழுங்க முடியவில்லை. அது அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சத்தம், துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற சத்தம். டாக்டர் எங்களிடம், "ஊசி போட்டிருக்காங்களா கேளுங்க" என்றார். நான்தான் கேட்டேன். "எல்லாம் போட்டிருக்கும்மா, ஒண்ணுவிடாம. அட்டை வீட்ல இருக்கு" என்றார் அவர். அப்போது நாங்கள் யாரும் அதை நம்பவில்லை. படிக்காத ஆள், மறந்திருப்பார், பொய் சொல்கிறார் என்று வெளியே வந்து பேசிக்கொண்டோம். அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பித்தான் இருந்திருக்குமோ. இருபத்துமூன்று வருடத்தில் இன்றைக்குத்தான் அது தோன்றுகிறது. எங்கேயோ ஒரு ஃப்ரிட்ஜ், எங்கேயோ ஒரு திருகு, என்னை மாதிரி ஒருத்தி. அட்டையில் தேதி இருக்கும், முத்திரை இருக்கும். பிள்ளைக்குள்ளே ஒன்றும் இருக்காது. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? படுக்கை எண் ஒன்பது. பெயரை நான் கேட்டேன், எழுதினேன், பெயர் ஞாபகம் இல்லை.

எட்டு நாற்பத்து நாலு. பார்க்க வேண்டியது இனிமேல் ஒன்றும் இல்லை. இரண்டு குப்பியிலும் அடியில் ஒரே உயரத்துக்கு வெள்ளைப் படிவு, மேலே கண்ணாடித் தண்ணீர். லேபிளில் இரண்டு சதுரமும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சிவப்புப் பெருக்கல் குறியைத் துடைத்துவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாது. மூன்றாவது குப்பி அசையவில்லை. அன்றைக்கே அசையவில்லை. நான் அதைக் கையில் வைத்திருந்தேன், அது கல்லாக இருந்தது, கட்டைவிரலால் அதன் மேலிருந்த பனியைத் துடைத்தேன், இந்தா வாரேன் என்று சொல்லிப் பெட்டியில் திரும்ப வைத்தேன். மறந்ததெல்லாம் இல்லை. பார்த்தேன், அமுக்கிவிட்டேன். இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. எட்டு நிமிடமும் உட்காரலாம், யாரும் குறை சொல்ல முடியாது. செல் அதிர்கிறது. ஃப்ரிட்ஜாக இருக்கும், காலையில் பெட்டி எடுக்கையில் மூடியைச் சரியாகப் போடவில்லையோ. ஃப்ரிட்ஜ் இல்லை, அப்பா. சைலன்ட்டில் போட்டாலும் மேசையில் நடந்துகொண்டே போகிறது, குப்பிகளை நோக்கிப் போகிறது. இடிப்பதற்குள் எடுக்கிறேன்.

"செண்பகம், அடுப்ப அணைச்சிட்டியாம்மா?"

வாயில் வார்த்தை தயாராக இருக்கிறது. அணைச்சிட்டேன்ப்பா. நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. வெளியே இருபத்தொன்பது பிள்ளைகளும் சேர்ந்து அழுகிற மாதிரி ஒரு சத்தம்.

"இல்லப்பா," என்கிறேன். "அணைக்கல."

அம்மா போனதிலிருந்து ஒரு தடவைகூட அவருக்கு இந்தப் பதில் வந்ததில்லை. பயந்துவிட்டாரோ, தம்பி திட்டப்போகிறான் என்று நினைக்கிறேன். அப்போது அவர் பேசுகிறார். நடுக்கமில்லாத, பழைய குரல், பூட்ஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது எங்களிடம் பேசுகிற குரல்.

"அப்பப் போயி அணை. நின்னு பேசிக்கிட்டிருக்க?"

வைத்துவிட்டார். எழுந்திருக்கிறேன். முழங்கால் மேசையில் இடித்து வலது குப்பி சாய்ந்து உருள்கிறது, உருளட்டும். லூர்து சிஸ்டர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து இடது குப்பியைக் காட்டுகிறேன். அவர்களுக்கு இருபத்தேழு வருடச் சர்வீஸ், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடியைப் பார்க்கிறார்கள். சிவப்புக் குறி போட்ட குப்பியை எடுத்து நிமிர்த்துகிறார்கள், அதையும் பார்க்கிறார்கள். "இது எந்தப் பெட்டி?" என்று கேட்கிறார்கள், குரல் இறங்கிப் போயிருக்கிறது. "போன புதன்கிழமப் பெட்டி சிஸ்டர்." அவர்கள் என்னை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். மஞ்சப் பையை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். "பத்தொம்போது," என்றார்கள். "எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்." "ஆமா." "டாக்டர்ட்ட நீதான் சொல்லணும்." "சொல்றேன்." "அவுகட்ட?" வெளியே கையைக் காட்டினார்கள். அங்கேயும் நான்தான். இன்றைக்குப் புதுப் பெட்டி, அதிலும் ஒரு குப்பியை எல்லார் முன்னாலும் குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் போடவேண்டும். பதிவேட்டைத் திறந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி நாலு இரண்டையும் ஒரே கோடாக அடித்தேன். மேலே மைனஸ் ஒன்று புள்ளி நான்கு என்று எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு கோணலாக இருக்கும் என்று தெரியாது.

போன வாரப் பட்டியலில் நாலாவது பெயர் முனீஸ்வரி. வரிசைப்படி முதலிலிருந்து கூப்பிடலாம். முதல் மூன்று பேரோடு பேசிப் பழகிக்கொண்டு அவளிடம் வரலாம். விரல் நாலாவது நம்பரை அமுக்கிவிட்டது. மணி அடிக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் செல்லை எடுக்கவிட மாட்டார்கள், எடுக்க மாட்டாள். எடுக்காவிட்டால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டாள்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். வெள்ளரிப்பிஞ்சு நல்லா இருந்துச்சாக்கா?"

பக்கத்தில் பிள்ளையின் சத்தம் கேட்கிறது, அழுகை இல்லை, தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்கிறது. இன்றைக்கு இவள் வேலைக்குப் போகவில்லை போல. என் வயிற்றில் ஏதோ புரளுகிறது. உள்ளங்கை வேர்த்துச் செல் வழுக்குகிறது, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். பயம்தான், சந்தேகமே இல்லை, இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அம்மா முகம் கண்ணாடிக்குள் தெரிகிறது. கண்ணைத் துடைக்கக் கை மிச்சமில்லை.

"நல்லா இருந்துச்சு முனீஸ்வரி," என்கிறேன். "ஒன் மாமியாரும் பக்கத்துல இருக்காகளா? கூப்பிடு. நான் பதில் சொல்றேன்னு சொன்னேன்ல, அதுக்குத்தான்."